துவைத்து எடுத்த கருப்புத் துணியில் வெள்ளைப் பிசிறு: எதனால் வருகிறது, எப்படி எடுப்பது?

#1 கொடிக்கயிறு

ஃப்ரண்ட் லோட் மெஷின், 7 கிலோ. கருப்பு பாலியஸ்டர் பேன்ட், அடர்நீல காட்டன் டீ-ஷர்ட், பழுப்பு கார்டுராய் சட்டை. மூன்றையும் துவைத்து எடுத்தால் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. வெளிர்நிறத் துணிகளில் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. போடுவது சோப்புத்தூள், 40 டிகிரி, 1000 சுற்று. வாரத் துணி மொத்தமும் ஒரே தடவையில் போகிறது, தேங்காய்ப்பூ துண்டுகள் உட்பட.

லிண்ட் ரோலரால் உருட்டினால் பாதி போகிறது, மீதி அசைவதில்லை. ஃபில்டரைச் சுத்தம் செய்யலாம் என்று பார்த்தால் ட்ரம்முக்குள் அப்படி ஒன்றையே காணோம். எங்கிருந்து தொடங்குவது?

#2 நூற்கண்டு

பாதி போய் மீதி அசையவில்லை என்றாலே ஒட்டியிருப்பது ஒரே பொருள் இல்லை. வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் பிசிறு என்று எடுத்துக்கொண்டால் வைத்தியம் தப்பாகப் போகும்.

துணி நன்றாகக் காய்ந்த பிறகு மேஜையில் விரித்து, போன் டார்ச்சைத் துணியோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து அடியுங்கள். மேலிருந்து நேராக அடித்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சாய்த்து அடித்தால் இழை, பொடி, உருண்டை மூன்றும் தனித்தனியாக நிழல் காட்டும்.

பிறகு செல்லோடேப் ஒரு துண்டு அழுத்தி எடுங்கள். வளைந்த மெல்லிய இழைகள் டேப்பில் வந்தால் அது பிசிறு. டேப்பில் சரியாக வராமல், ஈர விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு கரைந்துபோனால் கரையாமல் தங்கிய சோப்புத்தூள். ஈர விரலுக்கும் கரையாமல் மாவாகப் பரவினால் பெரும்பாலும் கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு. அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஈரத்துணியால் ஒற்றினால் இருக்காது. அடர்நிறச் சாயம் வினிகரைத் தாங்குமா என்று மடிப்பின் உள்பக்கம் முதலில் விட்டுப் பாருங்கள்.

நகத்தால் இழுக்கும்போது துணியும் சேர்ந்து எழும்பினால், அது துணியிலேயே முளைத்த உருண்டை. ரோலருக்கு ஒருநாளும் வராது. சாம்பலோ பழுப்போ நிறத்தில், விரலில் மெழுகாக இழுபட்டால் மெஷினுக்குள் படிந்த அழுக்கு பெயர்ந்து வந்திருக்கிறது.

ஒவ்வொரு துணியையும் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

#3 கொடிக்கயிறு

பார்த்தாயிற்று. பேன்ட்டில் இருப்பது டேப்பில் இழையாக வருகிறது. தொடைப்பக்கம் மட்டும் சின்ன உருண்டைகள், இழுத்தால் வரவில்லை. டீ-ஷர்ட்டில் இருப்பது கோடு கோடாக வெள்ளை, ஈர விரலுக்குக் கரைந்துவிட்டது. கார்டுராயில் கோடுகளுக்கு இடையே இழை இறங்கியிருக்கிறது.

#4 நூற்கண்டு

அப்படியென்றால் மூன்று துணிக்கும் மூன்று நோய். முதலில் பிசிறு.

பஞ்சு நூல் என்பது சில சென்டிமீட்டர் நீளமுள்ள இழைகளை முறுக்கிச் சேர்த்தது. நீள இழை முறுக்குக்குள் பிடித்து நிற்கும். குட்டை இழையின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரில் உரசும்போது கழன்றுவிடும். நூற்பில் கோம்டு நூல், கார்டட் நூல் என்று இரண்டு பிரிப்பது இதனால்தான். கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி வெளியேற்றிவிடுவார்கள், அதனால் பிசிறு குறைவு. சீவாத கார்டட் நூலிலும், ஓப்பன் எண்ட் என்ற மலிவு முறையில் நூற்ற நூலிலும் குட்டை இழை அப்படியே இருக்கும். மலிவான துண்டு கூடுதலாகக் கொட்டுவதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிக் காரணம் நெசவு. தேங்காய்ப்பூ துண்டின் வளையங்கள் முறுக்குக் குறைவான நூலில் போடப்படுகின்றன. முறுக்கு கூடினால் தண்ணீர் உறிஞ்சாது, குறைந்தால் இழை நிற்காது. மெத்து மெத்தென்ற துண்டு வேண்டுமென்றால் கொஞ்சம் பிசிறையும் சேர்த்தே வாங்குகிறோம்.

ஆகவே துணியை வெள்ளை, கலர் என்று பிரிப்பது போதாது. கொட்டுகிற துணி, வாங்குகிற துணி என்று பிரிக்க வேண்டும். கொட்டுபவை: தேங்காய்ப்பூ துண்டு, குளியலறை மிதியடி, ஃப்ளானல், ஃப்ளீஸ், காட்டன் போர்வை, நைந்த படுக்கை விரிப்பு, புதிய காட்டன் பின்னலாடை. வாங்குபவை: பாலியஸ்டர், நைலான், வெல்வெட், கார்டுராய், மைக்ரோஃபைபர், அடர்நிற ரேயான். கருப்புத் துண்டையும் கருப்பு பேன்ட்டையும் நிறம் ஒன்று என்று சேர்த்துப் போடுபவர்கள் உண்டு. பிசிறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒட்டுவது ஒட்டியே தீரும்.

ஒரே நாளில் இரண்டும் துவைப்பதானால் வாங்குகிற துணி முதலில், துண்டு கடைசியில். துண்டு முடிந்ததும் கதவு ரப்பரின் மடிப்பை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிடுங்கள்.

புதுத் துண்டுகள் முதல் மூன்று நான்கு துவைப்புக்குத் தனியாகவே போகட்டும். அறுத்துத் தைத்ததில் தங்கிய இழை அதற்குள் பெருமளவு வெளியேறிவிடும். அதற்குப் பிறகும் அள்ளிக் கொட்டுகிறதென்றால் நூலே அப்படி, எத்தனை தடவை துவைத்தாலும் திருந்தாது.

#5 பம்ப்_ஸ்பேனர்

ஃபில்டரைக் காணோம்னு கேட்டீங்க. ஃப்ரண்ட் லோடுல ட்ரம்முக்குள்ள பிசிறு ஃபில்டர் கிடையாது. கீழே முன்பக்க மூலையில சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ள இருக்கறது பம்ப் ஃபில்டர். அது காசு, பட்டன், ஹேர்பின் பம்புக்குப் போகாம தடுக்கத்தான். பொடிப் பிசிறு அதைத் தாண்டி ஓடிடும். ஆனா முடியும் நூலும் அதுல சிக்கி உருண்டு அடைச்சா தண்ணி மெதுவா வெளியேறும். அலசின அழுக்குத் தண்ணி முழுசா போகாம அடுத்த அலசல் தொடங்கும், பிசிறு துணியிலேயே தங்கும். அதனால மாசம் ஒரு தடவை கழட்டணும்.

1. பிளக்கைப் பிடுங்குங்க, குழாயை மூடுங்க. சுடுதண்ணியில துவைச்சிருந்தா ஆறட்டும்.
2. மூடிக்குக் கீழே தட்டையான தட்டு, பக்கத்துல பழைய துணி. உள்ளே ஒரு குட்டி ஹோஸ் இருந்தா வெளியே இழுத்து அடைப்பானை எடுத்து தண்ணியை வடிங்க. ஹோஸ் இல்லாத மாடல்னா திருகை அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்க, தட்டு நிறைஞ்சதும் இறுக்குங்க, கொட்டிட்டு மறுபடி. ஒரேடியா கழட்டினா தரையெல்லாம் தண்ணி.
3. தண்ணி நின்னதும் இடப்பக்கமா திருகி வெளியே எடுத்து, குழாய்த் தண்ணியில பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க.
4. ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிங்க. பின்னாடி சின்ன விசிறி தெரியும். ஒரு குச்சியால சுத்திப் பாருங்க. வழுக்கிக்கிட்டு சுத்தாது, விட்டு விட்டு வெட்டி வெட்டித்தான் சுத்தும், உள்ளே காந்தம் இருக்கறதால அப்படி. ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க. அடியில நூல் சுத்தியிருந்தா இடுக்கியால எடுங்க.
5. ஃபில்டரோட ரப்பர் வளையமும் மரையும் சுத்தமா இருக்கான்னு பார்த்துட்டு, கை இறுக்கம் முழுசா திருகுங்க. ட்ரம்முல ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, ஸ்பின் மட்டும் ஓட்டி, கசிவு இல்லைன்னா மூடியைச் சாத்துங்க.

கதவு ரப்பரை விரிச்சா அடிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதுல பிசிறு அடைச்சா தண்ணி அங்கேயே தேங்கி அடுத்த சுமைக்கு ஒட்டும். காது குடையற பஞ்சுக்குச்சி போதும்.

#6 ஈரத்துணி

டாப் லோடுக்கும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணே. என்கிட்ட இருக்கறது ஃபுல்லி ஆட்டோமேட்டிக். உள்ளே சுவர்ல வலைப்பை மாதிரி ரெண்டு இருக்கு, எப்பப் பார்த்தாலும் காலியா இருக்கு. ஆனா துணியில மட்டும் பிசிறு.

#7 பம்ப்_ஸ்பேனர்

அந்த வலை காலியா இருந்தா மூணுல ஒண்ணு. வலை கிழிஞ்சிருக்கும், சட்டத்துல சரியா உட்காராம தளர்ந்திருக்கும், இல்லைன்னா தண்ணி அது வழியா போகவே இல்லை.

அடியில சுத்தற தட்டு, அதாவது பல்சேட்டர், தன் அடிப்பக்க இறக்கையால தண்ணியை சுவர்ப்பக்கக் குழல் வழியா மேலே தள்ளும். மேலே வந்த தண்ணி வலையில விழுந்து வடிகட்டிக்கிட்டு திரும்பத் தொட்டிக்கு வரும். தண்ணி மட்டத்தைக் குறைச்சு வெச்சாலோ, துணியைத் திணிச்சாலோ அந்த ஓட்டம் நின்னுடும். ஓடறப்போ மூடியைத் திறக்க விடற மாடல்னா பாருங்க, வலை வாயில தண்ணி கொட்டணும். கொட்டலைன்னா மட்டத்தை ஒரு படி ஏத்துங்க, துணியைக் குறைங்க.

வலையை ஒவ்வொரு துவைப்புக்கும் உள்பக்கம் வெளியே திருப்பி அலசணும். காயவெச்சு உதிர்த்தா இன்னும் சுலபம். விரல் நுழையற கிழிசல் இருந்தா தைக்காதீங்க, மாடல் நம்பர் சொல்லி வேற வாங்குங்க.

செமி ஆட்டோமேட்டிக் ட்வின் டப்ல ஒரு விஷயம் முக்கியம். துவைச்சதும் துணியைத் தொட்டியில போட்டபடியே அழுக்குத் தண்ணியைத் திறந்து விடாதீங்க. தண்ணி இறங்க இறங்க மிதக்கிற பிசிறெல்லாம் துணி மேலேயே படியும். துணியைத் தண்ணியிலிருந்து தூக்கி ஸ்பின்னுக்கு மாத்திட்டு, அப்புறம் வடிங்க.

#8 மூன்றாம்_அலசல்

பம்ப்_ஸ்பேனர் கடைசியாகச் சொன்னது எல்லா மெஷினுக்கும் பொருந்தும். ஸ்பின்னில் தண்ணீர் துணியின் ஊடாகத்தான் வெளியேறுகிறது. அந்த நேரத்தில் துணியே வடிகட்டி. தண்ணீரில் மிச்சம் இருக்கும் பிசிறு அத்தனையும் அதில் மாட்டும். ஆகவே ஸ்பின்னுக்கு முந்தைய தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. கடைசி அலசல் தண்ணீரைக் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். நுரையும் கலங்கலும் தெரிந்தால் இன்னொரு அலசல் கொடுங்கள்.

கொடிக்கயிறு, உங்கள் சுமைதான் எனக்கு உறுத்துகிறது. 7 கிலோ என்று மெஷினில் எழுதியிருப்பது காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெடிக் புரோகிராமில் அதே ட்ரம்முக்கு ஏறத்தாழ பாதிதான் கணக்கு, கையேட்டில் அட்டவணை இருக்கும். உலர்ந்த எடையாகப் பார்த்தால் குளியல் துண்டு அரை கிலோவைத் தாண்டும், ஜீன்ஸ் 600 முதல் 700 கிராம், டீ-ஷர்ட் 150 முதல் 200, இரட்டைப் படுக்கை விரிப்பு முக்கால் கிலோவுக்கு மேல். நாலு துண்டும் ரெண்டு விரிப்பும் போட்டாலே பாதி ட்ரம் போயிற்று. காட்டனுக்கு, உலர்ந்த துணி நிரப்பிய பின் மேலே விரித்த கை ஒன்று நிமிர்ந்து நுழைய இடம் வேண்டும். சிந்தெடிக்குக்குப் பாதி ட்ரம்.

டீ-ஷர்ட்டின் வெள்ளைக் கோடு சோப்புத்தூள்தான். திணித்த ட்ரம்மில் துணி மடிந்த மடிப்பிலேயே இருக்கும், தூள் அந்த மடிப்பில் சிக்கும், அதனால்தான் கோடாகத் தெரிகிறது. அதற்கு லிக்விட் மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தூளை ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து டிராயரில் ஊற்றலாம். அளவைப் பாக்கெட்டில் போட்டபடி வையுங்கள், கண்ணளவு வேண்டாம். தூள் கூடினால் நுரை கூடும், நுரையில் பிசிறு மிதந்து நின்று கடைசியில் துணியில் இறங்கும். நுரை மிஞ்சினால் பல ஃப்ரண்ட் லோட் மெஷின்கள் ஸ்பின்னையே பாதியில் நிறுத்திவிட்டு நுரை அடங்கக் காத்திருக்கும்.

போடும் முன் பையைச் சோதித்து, பேன்ட்டையும் சட்டையையும் உள்பக்கம் வெளியே திருப்பி, ஜிப்பை மூடி, வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். திறந்த வெல்க்ரோ பக்கத்துத் துணியையெல்லாம் சுரண்டி இழை எழுப்பிவிடும்.

#9 எலுமிச்சைவாசம்

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? சோப்போட ஒரு கப் வினிகர், ஒரு கைப்பிடி சமையல் சோடா. பிசிறு கரைஞ்சு போயிடும்.

#10 சாயக்கட்டி

கரையாது. பஞ்சுப் பிசிறு செல்லுலோஸ், அதாவது காட்டன் சட்டை ஆன அதே பொருள். 5 சதவீத வினிகரில் செல்லுலோஸ் கரையுமென்றால் சட்டையும் சேர்ந்து கரைய வேண்டும்.

சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கும், பொங்கி முடிந்தால் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். காரமும் இல்லை, அமிலமும் இல்லை. சோப்போடு வினிகர் சேர்த்தால் சோப்பின் காரத்தன்மையும் குறைந்து அழுக்கும் சரியாகப் போகாது.

வினிகரைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. கடைசி அலசலில் 100 மில்லி, சாஃப்ட்னர் அறையில் ஊற்றினால் தங்கிய காரமும் சுண்ணாம்பும் கரைந்துபோகும். துணி விறைப்பு குறைந்து, பொடி ஒட்டுவது நிற்கும். பிசிறு போனதுபோலத் தோன்றுவது அதனால்தான், போனது பொடி. ஒவ்வொரு துவைப்புக்கும் வேண்டாம், ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. குளோரின் பிளீச் போட்ட சுமைக்கு வினிகர் கிட்டேயே வரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

பிசிறை உண்மையிலேயே "கரைக்கிற" ஒன்று உண்டென்றால் அது செல்லுலேஸ் என்சைம். ஆலைகளில் பயோ வாஷ் என்று செய்வது இதுதான். துணிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளை அது பலவீனமாக்கி, உரசலில் உடைந்து விழச்செய்யும். துணிமேல் வழவழப்பு வரும், நிறமும் தெளியும். சில டிடர்ஜென்ட்களில் இது சேர்க்கப்படுகிறது, பாக்கெட்டின் பின்னால் பொருள் பட்டியலில் பெயர் இருக்கும். ஒரு துவைப்பில் மாற்றம் தெரியாது, தொடர்ந்து பயன்படுத்தினால் தெரியும். காட்டன், லினன், ரேயானுக்கு மட்டும் வேலை செய்யும். பாலியஸ்டரை அது தொடாது. பிளீச் சேர்த்தால் என்சைம் செத்துவிடும்.

#11 எலுமிச்சைவாசம்

சரி, சோடா கலப்பதை விட்டுட்டேன். அப்போ ஃபேப்ரிக் சாஃப்ட்னர்?

#12 சாயக்கட்டி

அது வேறு கணக்கு. நேர்மின்னேற்றம் உள்ள மூலக்கூறுகள் இழைமேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். உரசலும் குறையும், நிலைமின்சாரமும் குறையும், அதனால் சிந்தெடிக் துணியில் பிசிறு ஒட்டுவதும் குறையும். பேன்ட்டுக்குப் போடலாம். துண்டுக்குப் போடக்கூடாது, உறிஞ்சும் தன்மை போய்விடும். மைக்ரோஃபைபருக்கும் அப்படித்தான். மூடியில் காட்டிய அளவைத் தாண்டினால் படலம் சோப்பு மிச்சத்தோடு சேர்ந்து ட்ரம்முக்குப் பின்னால் மெழுகாகப் படியும். நூற்கண்டு சொன்ன சாம்பல் நிற மெழுகு பெரும்பாலும் அதுதான். மாதம் ஒருமுறை ஆக்ஸிஜன் பிளீச் தூள் போட்டு, துணியில்லாமல், 60 டிகிரிக்கு மேல் ஓட்டினால் பெயர்ந்து வரும்.

#13 ஈரத்துணி

ஒரு சந்தேகம். கூடுதல் தண்ணி நல்லதுன்னு எல்லாரும் சொல்றீங்க. ஆனா டெலிகேட் புரோகிராம்ல, அதாவது தண்ணி நிறைய, ஆட்டம் குறைவா இருக்கற புரோகிராம்லதான் இழை அதிகமா கழறுதுன்னு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் 2019-ல கண்டுபிடிச்சதே? அப்போ எது சரி?

#14 சாயக்கட்டி

இரண்டும் சரி, கேள்விதான் வேறு வேறு. அந்த ஆய்வு பார்த்தது பாலியஸ்டர் துணியிலிருந்து கழன்று கழிவுநீரில் போகும் நுண்ணிழைகளை. துணியின் எடைக்கு எதிரே தண்ணீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இழை வெளியேறுகிறது, ட்ரம் எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட இதுதான் பெரிய காரணம் என்பது அதன் முடிவு. நாம் இங்கே பேசுவது கழன்ற இழை துணிமேல் தங்குகிறதா, தண்ணீரோடு போகிறதா என்பது. கழல்வதற்கும் தண்ணீர் உதவும், கழுவி வெளியேற்றவும் அதே தண்ணீர்தான் உதவும்.

நடைமுறையில்: துண்டு போன்ற கொட்டுகிற துணியை மென்மைப் புரோகிராமில் நிறையத் தண்ணீரில் ஊறவிட வேண்டியதில்லை, சாதாரண காட்டன் புரோகிராமில் அளவான முழுச் சுமையாகப் போடுங்கள். வாங்குகிற துணிக்குத் துவைப்பு நேரத்தைக் குறைத்து அலசலைக் கூட்டுங்கள். தண்ணீரை எங்கே கூட்டுகிறோம் என்பதில்தான் விஷயம்.

#15 மூன்றாம்_அலசல்

இதில் ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். "முழுச் சுமை" என்று எழுதினால் படிப்பவர்கள் கதவை முட்டியால் தள்ளி மூடுவார்கள். துண்டு தண்ணீர் குடித்ததும் எடை எங்கேயோ போகும், அலசல் தண்ணீர் நடுவில் இருக்கும் துண்டுக்கு எட்டவே எட்டாது. துண்டுக்கு முக்கால் ட்ரம் என்றே வைத்துக்கொள்வோம்.

#16 சாயக்கட்டி

முக்கால், ஏற்கிறேன்.

#17 நூற்கண்டு

உலர்த்துவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஈரத்தில் பிசிறு தண்ணீர்ப் படலத்தால் ஒட்டியிருக்கும், தட்டினாலும் வராது. காய்ந்த பிறகுதான் பிடி விடும். கொடியில் போடும் முன் துணியின் இரு முனையைப் பிடித்து இரண்டு மூன்று உதறு, காய்ந்து எடுக்கும்போது மறுபடி அதே. இரண்டாவது உதறில்தான் அதிகம் விழும். துண்டும் கருப்பு பேன்ட்டும் ஒரே கொடியில் அடுத்தடுத்துத் தொங்கினால் இவ்வளவு நேரம் பிரித்துத் துவைத்ததற்கு அர்த்தமில்லை. பேன்ட் காற்று வரும் பக்கம், துண்டு காற்று போகும் பக்கம்.

ட்ரையர் இருப்பவர்களுக்கு வசதி அதிகம், ஆபத்தும் உண்டு. சூடான காற்று பிசிறை உறிஞ்சி வலையில் சேர்த்துவிடும். ஆனால் துணி முறுகக் காய்ந்தால் இழை நொறுங்கி புதுப் பிசிறு உண்டாகும். வலையில் சேர்வது துணியின் உடம்புதான். இரண்டாவது, ஈரம் முழுக்கப் போன பாலியஸ்டர் உரசலில் மின்னேற்றம் அடையும். பஞ்சுப் பிசிறில் மின்னேற்றமே இல்லாவிட்டாலும் பக்கத்தில் வந்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சிந்தெடிக்கைத் தனியாக, லேசான ஈரப்பதம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி எடுத்து ஹேங்கரில் மாட்டுங்கள். ஏற்கெனவே முறுகிவிட்டதென்றால், பிழிந்த ஈரக் கைக்குட்டை ஒன்றைச் சேர்த்துப் போட்டு, சூடில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒட்டல் விடும்.

#18 பம்ப்_ஸ்பேனர்

ட்ரையர் வலையை ஒவ்வொரு தடவையும் வழிக்கணும், "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" கிடையாது. சேர்ற பிசிறு ஒரு பொறிக்கே பத்திக்கும். ட்ரையர் ஷீட், அதாவது துணியோட ட்ரையர்ல போடற சாஃப்ட்னர் தடவின தாள், பயன்படுத்தினா வலையில கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். வலையைக் கழட்டி குழாய்க்கடியில பிடிங்க. தண்ணி வழிஞ்சு கீழே போகணும், தேங்கி நின்னா அடைப்பு. வெந்நீர், பாத்திர சோப்பு, மெல்லிய பிரஷ். முழுசா காய்ஞ்சப்புறம்தான் மாட்டணும்.

பின்னாடி காற்று போற குழாய் உலோகத்துல, குறைஞ்ச நீளத்துல, மடிப்பில்லாம இருக்கணும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். கண்டென்சர், ஹீட் பம்ப் மாடல்ல, அதாவது வெளியே காற்றுக் குழாய் இல்லாத ட்ரையர்ல, கீழே ரெண்டாவது ஃபில்டர் ஒண்ணு இருக்கும், நிறைய பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க.

#19 கொடிக்கயிறு

இனி வருவதைத் தடுக்க வழி புரிந்தது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதை எப்படி எடுப்பது? குறிப்பாகக் கார்டுராயும் அந்தத் தொடைப்பக்க உருண்டையும்.

#20 மூன்றாம்_அலசல்

துணியைப் பொறுத்து.

வழவழப்பான பேன்ட்டுக்கு லிண்ட் ரோலர் போதும். முன்னும் பின்னும் தேய்க்காமல், மேலிருந்து கீழே ஒரே திசையில் உருட்டுங்கள். தாள் பிசிறால் மூடினதும் கிழித்துவிட வேண்டும், மூடின தாள் எடுத்ததையே திரும்ப விட்டுவிடும். ரோலர் இல்லாவிட்டால் அகல டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி நாலு விரலில் சுற்றி ஒற்றலாம். இஸ்திரி சூடு ஆறும்வரை டேப் வேண்டாம், பசை இறங்கிவிடும்.

நிறையத் துணி என்றால் ரப்பர் கையுறை. கையில் மாட்டி, தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, ஒரே திசையில் வழித்துக்கொண்டே வாருங்கள். பிசிறு திரியாக உருண்டு ஓரத்தில் சேரும். ஈரம் சொட்டக்கூடாது, சொட்டினால் பிசிறு இன்னும் அழுந்தும்.

கார்டுராய்க்கு ரோலர் உதவாது, கோட்டின் முதுகை மட்டும் தொடும், பள்ளத்துக்கு இறங்காது. சட்டையை மறுபடி அலசி, லேசான ஈரம் இருக்கும்போது மென்மையான பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் வாருங்கள். குறுக்கே வாரினால் மயிர், அதாவது துணிமேல் எழும்பி நிற்கும் இழை, படுத்துவிடும். காய்ந்ததும் இன்னொரு தடவை. வெல்வெட்டுக்கு டேப்பே கூடாது, ஒட்டி இழுத்தால் மயிரும் வரும். நீராவி காட்டி, மயிரின் போக்கில் வாரினால் போதும். கம்பளிக் கோட்டுக்குக் கெட்டி மயிர் பிரஷ், தோளிலிருந்து கீழ்நோக்கி.

#21 நூற்கண்டு

தொடைப்பக்க உருண்டை உரசலால் வருவது. இரண்டு தொடையும் உரசுமிடம், பை உரசும் இடுப்பு, நாற்காலி உரசும் பின்பக்கம், இங்கெல்லாம்தான் இருக்கும். வெளியே வந்த இழை முனைகள் உருண்டு முடிச்சாகின்றன. சுத்தக் காட்டனில் முடிச்சு சில நாளில் தானே அறுந்து விழும். பாலியஸ்டர் இழை வலுவானது, முடிச்சைத் துணியோடு கட்டிப்போட்டு வைக்கும். அதனால்தான் இழுத்தால் வரவில்லை. இழுக்கவும் கூடாது, உள்ளேயிருந்து இன்னும் இழை வரும், அது அடுத்த உருண்டைக்கு வித்து.

வெட்டித்தான் எடுக்க வேண்டும். பேட்டரி ஃபேப்ரிக் ஷேவர் சிறந்தது. காய்ந்த துணியைக் கெட்டியான தளத்தில் சுருக்கமில்லாமல் விரித்து, அழுத்தாமல் வட்டமாக நகர்த்துங்கள். அடியில் தையல் தடிப்போ பட்டனோ வந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும். சவர பிளேடும் வேலை செய்யும், ஆனால் ஏறக்குறையப் படுக்கவைத்து, ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து, சின்னச் சின்ன இழுப்பாக. பின்னலாடைக்குப் பிளேடு வேண்டவே வேண்டாம், ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே பிரியும்.

#22 கொடிக்கயிறு

நேற்று பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பேன்ட்டில் பிசிறு இல்லை, டீ-ஷர்ட்டில் கோடும் இல்லை. கார்டுராய் முக்கால்வாசி தேறிவிட்டது, காலரடியில் மட்டும் கொஞ்சம் நிற்கிறது.

#23 மூன்றாம்_அலசல்

காலரடியில் இரண்டு மடிப்புத் துணி, ஈரம் மெதுவாகப் போகும். அந்த இடத்துக்கு மட்டும் நீராவி காட்டி, டூத் பிரஷ்ஷால் கோட்டின் போக்கில் வாருங்கள்.

#24 ஈரத்துணி

அவசரம். யாரோ சட்டைப்பையில டிஷ்யூ பேப்பரை விட்டுட்டாங்க, மொத்த சுமையும் வெள்ளை. இப்பவே மறுபடி ஒரு துவைப்பு போட்டுடவா?

#25 மூன்றாம்_அலசல்

போடாதீர்கள். ஈரத்தில் இன்னொரு தடவை சுற்றினால் தாள் இன்னும் பொடியாகி நெசவுக்குள் இறங்கும். இப்போது எடுத்து, வெளியில் ஒவ்வொன்றாக உதறி, அப்படியே முழுக்கக் காயப்போடுங்கள். காய்ந்த தாள் ஓரம் சுருண்டு எழும்பும், அப்போது உதறினாலே பெரும்பகுதி விழும். மீதிக்கு ரோலர், கையுறை. ட்ரையர் இருந்தால் சூடில்லாமல் பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை வலையை வழித்துவிட்டு. அதற்குப் பிறகு வேண்டுமானால் அலசல் மட்டும் ஒன்று.

முகம் துடைக்கும் டிஷ்யூவோ சமையலறைத் தாளோ என்றால் ஈரத்தைத் தாங்கும் பிசின் சேர்த்திருப்பார்கள், துண்டு துண்டாக வரும், எடுக்கச் சுலபம். கழிப்பறைத் தாள் தண்ணீரில் பிரியவே செய்யப்பட்டது, இழை இழையாகிவிடும், நேரம் பிடிக்கும்.

#26 பம்ப்_ஸ்பேனர்

மெஷினையும் மறக்காதீங்க. ட்ரம் காய்ஞ்சதும் கையால துடைச்சு, ரப்பர் மடிப்பை வழிச்சு, காலியா ஒரு அலசல் ஓட்டி, அப்புறம் பம்ப் ஃபில்டரைக் கழட்டுங்க. முதல்ல கழட்டிட்டு அப்புறம் அலசல் ஓட்டினா திரும்பக் கழட்ட வேண்டியிருக்கும்.

பேப்பருக்குப் பதிலா குழந்தை டயப்பர் உள்ளே போயிருந்தா வேற வைத்தியம். அந்த வழவழப்பான மணிகள் தண்ணி குடிக்கிற ஜெல், வெறும் தண்ணியில அலசினா இன்னும் ஊதும். துணியைக் காயவெச்சு உதறுங்க. ட்ரம்முல இருக்கறதை முடிஞ்சவரை துணியால வழிச்சு எடுத்துட்டு, மிச்சத்து மேல கைப்பிடி உப்பு தூவினா தண்ணியை விட்டு சுருங்கிடும். சுருங்கினதைத் துடைச்சு எடுத்த பிறகு அலசல் விடுங்க, உப்பு ட்ரம்முல தங்கக்கூடாது.